மறுமொழி: ஹார்ப் பெடல் படத்துக்கு ‘மிதிவரி’ன்னு பேர் வைக்கலாமா?

> பெடல் டயகிராம் – பாதவிசை நிலை விளக்க வரைபடம்
> எட்டூஃபே – பட்டடை
> கிளிஸ்ஸாண்டோ – தொடர்வழுக்கிசை

ஐயா வணக்கம். ஹார்ப் நோட்டேஷன் சொற்களுக்கு நீங்க போட்ட தமிழ்ப் பட்டியல் பாத்தேன், ராத்திரி கண்ணு முழிச்சு பண்ணிருக்கீங்கன்னு தெரியுது, ஆனா முதல் வரியிலயே எனக்கு மூச்சு வாங்கிருச்சு. பெடல் எல்லாம் எங்கெங்க நிக்கணும்னு காட்டற அந்தப் படம், ஸ்கோர்ல (இசைத்தாள்ல) ரெண்டு ஸ்டாஃபுக்கு (அஞ்சு கோட்டு வரிசைக்கு) நடுவுல கட்டவிரல் நகத்தளவுல உக்காந்திருக்கும், அதுக்கு இவ்ளோ நீளமா பேர் வச்சா பேரு அடுத்த பாருக்குள்ள, அதாவது அடுத்த தாளக் கட்டத்துக்குள்ள, போயிரும்.

இங்க பாதிப் பேர் ஹார்ப்ப, அதான் நிமித்தி வச்சு விரலால மீட்டற அந்தப் பெரிய மேற்கத்திய நரம்பு வாத்தியத்த, கிட்டக்க பாத்திருக்க மாட்டீங்க (நானும் நோட்டேஷன் டைப்செட் பண்ணித்தான் கத்துக்கிட்டேன், கும்பகோணத்துல ஹார்ப்புக்கு எங்க போறது), அதனால சுருக்கமா சொல்லிடறேன். பெடல் ஹார்ப்புல 47 கம்பி, 7 பெடல், மேற்கத்திய சுரம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு பெடல். இடது காலுக்கு டி, சி, பி, வலது காலுக்கு ஈ, எஃப், ஜி, ஏ. இடமிருந்து வலமா இதே வரிசைதான், ஏ பி சி டின்னு போகாது. ஒவ்வொரு பெடலும் மூணு இடத்துல நிக்கும், மேல நின்னா ஃபிளாட் (அரை சுரம் கீழ), நடுவுல நேச்சுரல் (இயல்பான சுரம்), அடியில ஷார்ப் (அரை சுரம் மேல). 1810ல வாத்தியம் செய்யற செபாஸ்டியன் எரார் பேட்டன்ட் வாங்கின ஏற்பாடு இது. எஃப் பெடல மிதிச்சா ஒரு எஃப் கம்பி மட்டும் ஏறாது, எல்லா ஸ்தாயியிலயும் எஃப் ஏறும், தலைமதகுல ஷட்டர தூக்கினா அந்த வாய்க்கால் பாசனம் பூரா தண்ணி ஏறுதுல்ல, என் வயலுக்கு மட்டும் விடுங்கன்னா நடக்குமா, அந்த மாதிரி. (ஓரத்துல ஒண்ணு ரெண்டு கம்பி இதுல சேராது, கடைமடை மாதிரின்னு வச்சுக்கங்க.)

இப்ப படத்துக்கு வருவோம். படுக்கையா ஒரு கோடு, அதுல ஏழு குட்டி நெட்டுக்கோடு, பிக்கும் ஈக்கும் நடுவுல ரெண்டு காலையும் பிரிக்கற ஒரு நீளத் தடுப்பு. நெட்டுக்கோடு மேல நின்னா ஃபிளாட், குறுக்கால வெட்டினா நேச்சுரல், கீழ தொங்கினா ஷார்ப். ஹார்ப் கலைஞர் கார்லோஸ் சால்சேடோ பேரோட சேத்துச் சொல்ற படம் இதுதான். லில்லிபாண்ட்ங்கற நோட்டேஷன் மென்பொருள்ல இத கேரட் (^), ஹைஃபன், ஆங்கில வி, நடுவுல ஒரு நெட்டுக்கோடுன்னு வரிசையா தட்டினா போதும், ஒரு ஓ சேத்தா மாறின பெடல சுத்தி வட்டம் போட்டுக் குடுத்துரும்.

ஆக அது ஒரு வரி. அதனாலதான் ‘மிதிவரி’. மிதின்னு நானா இட்டுக்கட்டல, திருபுவனம் பக்கம் தறிக்குழியில கால விட்டு அழுத்தற கட்டைக்கு மிதிகட்டைன்னுதான பேரு, அங்க கால் அழுத்தினா நூல் எழும்பும், இங்க கால் அழுத்தினா கம்பி ஏறும். வரின்னா கோடும் ஆச்சு, பாட்டும் ஆச்சு, பூம்புகார் கடக்கரையில மாதவி யாழ கையில வாங்கிப் பாடினதே கானல் வரிதான்.

அந்த கானல் வரியிலேர்ந்துதான் நீங்க பட்டடைய எடுத்திருக்கீங்கன்னு புரியுது. வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடைன்னு எட்டு கரணம் (யாழ் மீட்டற கை வகை) வரிசையா இருக்கறத பாத்தா யாருக்குமே கை ஊறும். ஆனா எட்டூஃபேன்னா கம்பிய மீட்டின உடனே கைய வச்சு சத்தத்த நிறுத்தறது. பட்டடைன்னு இளிக்கும் (இப்ப பஞ்சமம்ங்கற சுரம்) பேர் இருக்கு, ஒலிக்கற சுரத்தோட பேர எடுத்து ஒலிய நிறுத்தறதுக்கு வச்சா பழந்தமிழ் படிச்சவங்க சண்டைக்கு வருவாங்க. பழைய சொல்ல எடுத்தா பழைய வேலையயே குடுக்கணும்ங்கறது என் கட்சி. இதுக்கு நம்ம வீட்டு அடுப்படியிலயே சொல் இருக்கு, ‘அடுப்ப அமத்து’ங்கறாங்கள்ல, அதான், ‘அமர்த்து’. அதுக்கு எதிர்ல லெஸ்ஸே விப்ரே, அதாவது கைய வைக்காம கம்பி தானா அடங்கற வரைக்கும் விடறது, ‘அதிர விடு’. வாசிக்கறவங்களுக்கு சொல்ற உத்தரவு ஏவல்லயே இருக்கட்டுமே.

கம்பி வரிசை மேல விரல வேகமா இழுத்துக்கிட்டே போற கிளிஸ்ஸாண்டோவுக்கு மட்டும் பழசு பொருந்துது. வார்தல்னா சுட்டுவிரல் வேலைன்னு உரையில வருது, ஹார்ப்லயும் மேல ஏறற கிளிஸ்ஸாண்டோ பெரும்பாலும் சுட்டுவிரல்லதான், இறங்கறப்ப கட்டவிரல். தலை வாரற மாதிரியேதான் கை போகும். ‘வாரல்’னு வச்சுக்கலாம். வாரல்ல ஏழு கம்பியும் பேசிரும்ங்கறதால அங்க மிதிவரி கட்டாயம், இல்லன்னா முதல் ஏழு சுரத்த எழுதிட்டு அதுக்கப்புறம் கோட்ட இழுக்கணும்.

குறிகள் பத்தி கேட்டிருந்தீங்க. என் முட்டாள்தனத்த சொல்றேன், அதுலேர்ந்தே விளங்கிரும். மொத மொதல்ல ஒரு பியானோ பீஸ ஹார்ப்புக்கு எழுதிக் குடுத்தேன். அமர்த்தற குறி வட்டத்துக்குள்ள கூட்டல் போட்ட மாதிரி இருக்கும், ஃபான்ட்ல கைக்கு கெடச்ச கோடா குறிய (பாட்டோட முடிவுப் பகுதிக்குத் தாவச் சொல்ற குறி) போட்டுட்டேன், வாசிக்கற அம்மா ‘எந்த பக்கத்துக்கு தாவணும்’னு கேட்டு மெயில் போட்டாங்க. விரல் எண் 5 போட்டிருந்தேன், ஹார்ப்புல சுண்டுவிரலுக்கு வேலையே கெடயாது, 1லேர்ந்து 4 வரைதான். எல்லாத்துக்கும் மேல ஒரு எஃப் டபுள் ஷார்ப் (எஃப்ல ரெண்டு அரை சுரம் மேல). பெடலுக்கு மூணு நிலைதான், நாலாவதா மிதிக்க தரைதான் இருக்கு, அத ஜின்னுதான் எழுதணும். காரைக்கால் பக்கத்துல தருமபுரத்துல சம்பந்தர் பாடினது யாழ்ல அடங்காம யாழ்ப்பாணர் யாழயே முறிக்கப் போனாருன்னு கதை, அந்த அம்மா என்னைய முறிக்காம விட்டாங்க.

ஹார்மோனிக்ஸ் (கம்பி நடுவுல லேசா தொட்டு மீட்டி மேல் ஸ்தாயி சுரம் வர வைக்கறது) குட்டி வட்டம், அதுல பிரச்சனை குறியில்ல, மீட்டற கம்பிய எழுதறதா இல்ல கேக்கற சுரத்த எழுதறதாங்கறதுதான், ஒரு ஸ்தாயி வித்தியாசப்படும், ஸ்கோர் மேல ஒரு வரி குறிப்பு எழுதிருங்க. மத்ததுக்கு ஸ்மஃபல்ங்கற (இசைக்குறி எழுத்துருவுக்கான பொதுத் தரம்) ஃபான்ட்ல ஹார்ப்புக்குன்னே தனி வரிசை இருக்கு, மேல, நடு, கீழ, தடுப்பு நாலும் தனித்தனி உருவா.

ஹார்ப்புக்கு யாழ்னு போட்டதுல எனக்கு வருத்தமில்ல, விபுலானந்தர் யாழ் நூல் 1947ல அரங்கேறினதே நம்ம திருக்கொள்ளம்பூதூர்லதான். ஆனா பெடல் இருந்தா ‘மிதியாழ்’னு பிரிச்சு சொல்லிருங்க, கையால லீவர திருப்பி சுரம் மாத்தற லீவர் ஹார்ப்புக்கு பெடலும் இல்ல மிதிவரியும் இல்ல.



தம்பி, மத்ததெல்லாம் சரி, ‘மிதிவரி’ன்னதும் எங்க அப்பா சைக்கிளுக்கு பஞ்சாயத்துல கட்டின வரி ஞாபகம்தான் வருது. மிதிக்கோடுன்னு வச்சா என்ன? தார வாத்தா மாதிரி கேக்கற ‘வாரல்’ எனக்கு ரொம்ப பிடிச்சுது.



அக்கா, சிரிச்சுட்டேன். மிதிக்கோடு நானும் யோசிச்சேன், ஆனா யாழோட வளைஞ்ச தண்டுக்கே கோடுன்னுதான் பேரு, மிதியாழ்க் கோடு ஒண்ணு, மிதிக்கோடு ஒண்ணுன்னு ரெண்டும் ஒரே பக்கத்துல வந்தா படிக்கறவன் எத மிதிக்கறதுன்னு தெரியாம தண்டுல கால வச்சிருவான். சைக்கிள் வரிய இப்ப யாரும் வசூலிக்கறதில்ல, அந்த சொல் சும்மாத்தான் கெடக்கு.

பட்டியல்ல மிதிவரி, அமர்த்து, அதிர விடு, வாரல் நாலும் ஏத்திட்டேன். பாக்கி பிஸ்பிக்லியாண்டோ. இத்தாலியன்ல காதோரம் ரகசியம் பேசறதுன்னு அர்த்தம், ரெண்டு கையும் மாறி மாறி, சத்தம் மெலிசா ஆனா வேகமா மீட்டறது. ‘கிசுகிசு’ன்னு போட கை வருது, வாரப்பத்திரிகை சினிமா பக்கம் ஞாபகம் வருமேன்னு நிறுத்தி வச்சிருக்கேன். ஐயா வேற ஏதாவது இருந்தா ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லுங்க.