11 வாரக் குஞ்சுல எது சேவல் எது பொட்டை? முனியய்யாவுக்கு நேந்த சேவல் வேணும், உதவி பண்ணுங்க

மண்டபம்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்ல இப்ப 9 குஞ்சு நிக்குது, குஞ்சுன்னு சும்மா சொல்றேன், 11 வாரம் ஆச்சு, தாய்க்கோழி கொத்தி விரட்டிருச்சு, தனியாத்தான் மேயுதுக. எது சேவல் எது பொட்டைன்னு வீட்ல ஆளுக்கொன்னு சொல்றாங்க. அவசரம் என்னன்னா அப்பாவுக்கு இப்ப மீன்பிடி தடைக்காலம், ஜூன் 14 முடிஞ்சு படகு கடலுக்குப் போறதுக்கு முன்னாடி முனியய்யாவுக்கு சேவல் அறுக்கிறதா ஆத்தா நேந்துருக்கு. வீட்ல வளத்ததுதான் வேணுமாம், கடையில வாங்கினா சாமி ஏத்துக்காதாம். மிச்ச சேவல வித்துட்டு பொட்டைய முட்டைக்கு வச்சுக்கலாம்னு பிளான். தப்பா பொட்டைய வித்துட்டேன்னா அடுத்து என்னையத்தான் விப்பாங்க.

அடை வச்சது 13, பொரிச்சது 10, செம்பருந்தும் கீரியும் போக அதுல மிச்சம் 5. செவலை 3, மொட்டக்கழுத்து 2. அதே வாரத்துல மொபட்டுல கொண்டாந்த ஆளுகிட்ட கருங்கோழி 2 வாங்குனோம், "ரெண்டுமே பொட்டை, கேரண்டி"ன்னு குடுத்தாரு. அக்கா மக கடைத்தெருவுல அழுது வாங்குன கலர் குஞ்சு 2, பிங்க்கும் பச்சையும், இப்ப சாயம் போயி வெள்ளையா நிக்குது.

பொரிச்ச ரெண்டாம் நாளே வீடியோ பாத்து செட்டைய விரிச்சு பாத்தேன், அப்ப 10ல 8 பொட்டைன்னு எழுதி வச்சேன். பக்கத்து வீட்டு தாத்தா கால புடிச்சு தலைகீழா தொங்கவிட்டு பாத்துட்டு எல்லாமே சேவல்ங்குறாரு. யாரத்தான் நம்புறது?

தொண்டி பயலு:
கூவுனா சேவல், முட்டை விட்டா பொட்டை. போயி தூங்கு மாப்ள.

சாயல்குடி அக்கா:
தம்பி மொதல்ல தலைகீழா தொங்கவிடுறத நிறுத்தச் சொல்லுங்க, அது பயத்துல தலையத் தூக்கும் செட்டைய அடிக்கும், அதுக்கும் சேவலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

செட்டை வீடியோ பொய்யில்ல, ஆனா நமக்கு ஆகாது. முட்டைக்குன்னு வளக்குற பண்ணை லேயர் குஞ்சுக்கு தாய் பக்கம் மெதுவா இறகு முளைக்கிற குணம், தகப்பன் பக்கம் வேகமா முளைக்கிற குணம்னு பாத்துப் பாத்து சேத்து வச்ச வம்சம் உண்டு. அதுல பொரிச்ச ரெண்டு மூணு நாளுக்குள்ள பாத்தா பொட்டைக்கு செட்டையோட பெரிய இறகு வரிசை நீளமா வந்து நிக்கும், சேவலுக்கு ரெண்டு வரிசையும் ஒரே அளவுல இருக்கும். நம்ம வீட்டுக்கோழி தெருவுல எந்தச் சேவலோட சேந்துச்சுன்னு அதுக்கே தெரியாது, அதுல போயி இத பாத்தா பூவா தலையா போட்ட மாதிரிதான்.

கொண்டைய எல்லாரும் பாப்பாங்க, ஆறு எட்டு வாரத்துலயே சேவலுக்கு கொண்டையும் தாடியும் பெருசாகி சிவக்கும், பொட்டைக்கு வெளிர் மஞ்சளா ரோஸா சின்னதா கெடக்கும், அது முட்டை விடப்போற சமயத்துலதான் சிவக்கும். ஆனா செவலைய செவலையோடதான் பாக்கணும், கருங்கோழியோட வச்சுப் பாத்தா தப்பாயிரும். கருங்கோழிக்கு கொண்டையே கருநீலமா இருக்குறதால சிவப்ப நம்ப முடியாது, அளவுதான் பேசும். மொட்டக்கழுத்துக்கு கழுத்துல இறகே இல்ல, கழுத்து இறகு கூரா இருக்கான்னு பாக்குற வழி அங்கயே அடைபட்டுப்போச்சு. கால்ல முள்ளு பாக்காதீங்க, இந்த வயசுல ரெண்டுக்கும் வெறும் புள்ளிதான், கெழட்டுப் பொட்டைக்கே முள்ளு நீண்டு நான் பாத்துருக்கேன்.

அதனால இப்புடி செய்ங்க. விடியக்காலம் பஞ்சாரத்த தூக்கும்போதே ஒன்னொன்னா புடிச்சு மடியில வச்சுக்கங்க. வாலு தொடங்குற எடத்துக்கு ஒரு ரெண்டு விரக்கடை முன்னாடி, முதுகு முடியுற எடத்துல இருக்குற இறக விரலால ஒதுக்கிப் பாருங்க. பொட்டைக்கு அந்த இறகு நுனி நம்ம கட்டைவிரல் நகம் மாதிரி உருண்டையா இருக்கும், எல்லாம் ஒரே மாதிரி. சேவலுக்கு அதுக்கு நடுவுல புதுசா ஒன்னு ரெண்டு எட்டிப்பாக்கும், ஒல்லியா, குருத்தோலை நுனி மாதிரி கூரா, வெயில்ல புடிச்சா பளபளன்னு. 11 வாரத்துல ஒன்னு ரெண்டுதான் இருக்கும், 13 14 வாரம் ஆச்சுன்னா ரெண்டு பக்கமும் தொங்க ஆரம்பிச்சிரும். பாத்துட்டு போட்டோ போடுங்க.

அந்த வெள்ளை ரெண்டும் சேவல். போட்டோ வேணாம். முட்டைப் பண்ணைக்கு குஞ்சு பொரிக்கிற எடத்துல மொத நாளே பொட்டைய பிரிச்சு எடுத்துருவாங்க, சேவலால அவங்களுக்கு பிரயோசனம் இல்ல, அதத்தான் சாயம் முக்கி கொறஞ்ச வெலைக்கு தள்ளிவிடுறது.

பாம்பன் நண்டு:
முட்டைய அடை வைக்கும்போதே பாத்துருக்கணும் ப்ரோ, கூரா இருந்தா சேவல், உருண்டையா இருந்தா பொட்டை. எங்க அப்பத்தா உருண்டை முட்டையா பொறுக்கித்தான் வைக்கும்.

ராம்நாடு டவுன்:
அப்பத்தாவுக்கு கும்பிடு, ஆனா அது இல்லங்க. மனுசங்கள்ல ஆணா பொண்ணாங்குறது தகப்பன்கிட்ட இருந்து வருது, கோழியில அப்புடியே மாத்தி, தாய்தான் முடிவு பண்ணுது. அதுவும் மஞ்சக்கரு உருவாகி வர்றப்பவே முடிஞ்சுபோற காரியம், ஓடு அதுக்கப்பறந்தான் சுத்துது. ஓடு கூரா உருண்டையாங்குறது கோழிக்குக் கோழி மாறும், ஒரே கோழி வருசம் பூரா ஒரே மாதிரி முட்டைதான் விடும், அப்ப அதுக்கு சேவல் மட்டுமேவா பொறக்கும்?

பாம்பன் நண்டு:
அப்ப அப்பத்தாவுக்கு பொட்டையாவே பொரிச்சது?

ராம்நாடு டவுன்:
எண்ணிப் பாத்தீங்களா?

பாம்பன் நண்டு:
இல்ல ப்ரோ 😅 சேவல் எல்லாம் கறிக்கொழம்புக்கு போயிரும், பொட்டை மட்டுந்தான் நெனப்புல நிக்கும்போல.

கீழக்கரை காக்கா:
பொரிச்ச அன்னைக்கே குஞ்சோட பின்பக்கத்த பிதுக்கிப் பாத்து சொல்ற ஆளுக இருக்காங்க, ஜப்பான்காரங்க 1930கள்ல ஊருக்கெல்லாம் கத்துக்குடுத்த வித்தை. வீட்ல யாரும் செஞ்சு பாக்காதீங்க, கொஞ்சம் அழுத்திட்டா குஞ்சு செத்துரும்.

எங்க உம்மா கோழி ஒன்னு மூணு வருசம் முட்டை விட்டுட்டு திடீர்னு நிப்பாட்டி, கொண்டை பெருசாகி, வாலு இறகு வளைஞ்சு, ஒரு நா கூவவும் ஆரம்பிச்சிருச்சு. பொட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமான்னு பழமொழி சொல்றோம்ல, எங்க வீட்ல மெய்யாவே கூவுச்சு. வீட்ல மையத்து விழும், சாவு வரும்னு பக்கத்துல ஒரே பேச்சு, அறுத்துட்டாங்க. அப்பறம் கால்நடை டாக்டர் ஒருத்தர் சொன்னாரு, கோழிக்கு இடது பக்க முட்டைப்பை ஒன்னுதான் வேல செய்யும், அது நோவுல கெட்டுப்போச்சுன்னா பொட்டைத்தனம் கொறஞ்சு சேவல் இறகு வந்துருமாம். நோவு வந்த கோழிய போயி சகுனம்னு அறுத்துருக்கோம். தம்பி கோழிக்கு இது பொருந்தாது, சும்மா ஞாபகம் வந்துச்சு.

மண்டபம்காரன்:
அக்கா சொன்ன மாதிரியே இன்னைக்கு விடியக்காலம் பாத்துட்டேன். சட்டையெல்லாம் பீ. போட்டோ போட்டுருக்கேன்.

செவலை மூணுல ஒன்னுக்கு மட்டும் முதுகுல கூரா ரெண்டு இறகு, செந்நெறமா மினுங்குது, செட்டைக்கு மேல தோள்லயும் ரத்தச் சிவப்பா திட்டு வந்துருக்கு. மத்த ரெண்டும் உருண்டை. மொட்டக்கழுத்துல ஒன்னு கூர், ஒன்னு உருண்டை, கூர் உள்ளதுக்கு காலும் சுண்டுவிரல் தடிமன் இருக்கு. வெள்ளை ரெண்டும் சந்தேகமே இல்ல, கொண்டை தொங்கப் பாக்குது. ஆக சேவல் 4, பொட்டை 3.

கருங்கோழிதான் புரியல. ரெண்டும் அச்சு அசலா ஒன்னு போல இருக்கு, கொண்டையில வித்தியாசமே இல்ல, கருப்பு இறகுல எது கூரு எது உருண்டைன்னு கண்ணுக்கு அகப்படல. வித்தியாசம் இல்லாததால ரெண்டும் பொட்டைன்னு வச்சுக்கலாமா?

சாயல்குடி அக்கா:
போட்டோவுல எனக்கும் பொட்டை மாதிரிதான் தெரியுது, உடம்பு வாகும் சின்னது. வச்சுக்கங்க. செவலைச் சேவல முனியய்யாவுக்கு விட்டுட்டு மொட்டக்கழுத்து சேவல வித்துறாதீங்க, நாலஞ்சு பொட்டைக்கு ஒரு சேவல் போதும், அது மொட்டக்கழுத்தாவே இருக்கட்டும், நம்ம ஊரு வெக்கைக்கு அந்த வம்சம் தாங்கும். வெள்ளை ரெண்டையும் கறிக்கு குடுத்துருங்க. வெள்ளைக் கழிச்சல் நோவுக்கு ஊசி போட்டீங்களா? எட்டு வாரத்துல போடணும்.

மண்டபம்காரன்:
போட்டாச்சுக்கா, ஆஸ்பத்திரிக்கு கூடையில தூக்கிட்டுப் போயி.

தேவிபட்டினம்:
கோழிக்கு மிச்சக் கருவாடு போடுறீங்களா? உப்புப் போட்டது குடுக்காதீங்க, உப்பு கூடுனா கோழிக்கு கழியும், செத்தும் போயிரும். உப்பு போடாம காயவச்ச மீனு தலைன்னா பரவாயில்ல.

மண்டபம்காரன்:
ஜூன் 16. அப்டேட் போடச் சொன்னீங்கள்ல. வெள்ளை ரெண்டும் போன வாரம் வித்தாச்சு. செவலைச் சேவல் 14ந்தேதி முனியய்யாகிட்ட போயிருச்சு, இறகு ரெண்டு பக்கமும் தொங்கி பாக்க அவ்வளவு அம்சமா இருந்துச்சு, ஆத்தாவுக்கே கண்ணு கலங்கிருச்சு. அப்பா நேத்து விடியக்காலம் கடலுக்குப் போயாச்சு.

இன்னைக்கு காலைல நாலரை மணி இருக்கும், பஞ்சாரத்துக்குள்ள இருந்து தொண்டை கட்டுன மாதிரி ஒரு சத்தம், பாதி கூவி பாதியில நிக்கிது. மொட்டக்கழுத்துதான் பழகுதுன்னு டார்ச் அடிச்சுப் பாத்தா கருங்கோழி! நான் பாக்க பாக்க இன்னொரு கருங்கோழியும் கழுத்த நீட்டி கூவுது!! அக்கா என்னக்கா இது. மொபட்டு ஆளு கேரண்டி குடுத்தது.

சாயல்குடி அக்கா:
ஐயோ தம்பி மன்னிச்சிருங்க, நானுந்தான் சேந்து தப்பு பண்ணிட்டேன். ரெண்டும் ஒன்னு போல இருக்கேன்னு ரெண்டும் பொட்டைன்னு எடுத்துக்கிட்டோம், ரெண்டுமே சேவலா இருந்தாலும் ஒன்னு போலத்தானே இருக்கும். பக்கத்துல ஒரு கருங்கோழிப் பொட்டை நின்னுருந்தா அப்பவே கொண்டை அளவு காட்டிக் குடுத்துருக்கும். செவலைச் சேவல் இருந்த வரைக்கும் அது பயத்துல ரெண்டும் வாயத் தொறக்காம இருந்துருக்கும், அது போன ரெண்டாம் நாளே தைரியம் வந்துருச்சு. இப்ப வெயில்ல கொண்டுபோயி முதுகப் பாருங்க, கருப்பு இறகுல பச்சையா மினுமினுப்பு ஓடும்.

மண்டபம்காரன்:
பாத்தேன்க்கா, பச்சை ஓடுது. இப்ப 3 பொட்டைக்கு 3 சேவல், மொட்டக்கழுத்து மேல பாஞ்சு பாஞ்சு கொத்துதுக. ஒன்னையாவது வித்துறலாம்னு கெளம்புனேன், ஆத்தா மறிச்சிருச்சு. ஒன்னு அடுத்த வருச தடைக்காலத்துக்கு இப்பவே நேந்தாச்சாம், இன்னொன்னு அப்பா படகு நல்லபடியா திரும்புறதுக்குன்னு நேத்து ராத்திரி நேந்துச்சாம்.