காசல்ரீயில லூர் போட்டா மீன் கடிக்குமா, இல்ல மண்புழுவே போதுமா?

பொகவந்தலாவ பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். தூண்டில் போடுற ஆளுங்க யாராவது இருந்தா ஒரு சந்தேகத்த தீத்து வைங்க. கத்தார்ல இருக்குற மாமா லீவுல வந்தப்ப ஒரு ஸ்பின்னிங் றொட்டும் ரீலும் ஒரு டப்பா நெறைய லூரும், அதான் போலி இரை, கொண்டாந்து குடுத்துட்டு போயிட்டாரு. டப்பாவ தொறந்தா ஆடி ஆடி வர்ற தகடு ஸ்பூன், சுத்துற தகடு வச்ச ஸ்பின்னர், ரப்பர் தவக்கள, அப்புறம் மீன் மாதிரியே செஞ்ச பிளாஸ்டிக் சாமான், அதுல வயித்துல ஒன்னு வாலுல ஒன்னுன்னு மும்முள்ளு தொங்குது. நமக்கு இதுவரைக்கும் தெரிஞ்சது மூங்கி கம்பு, தங்கூசி, தக்கை, மண்புழு, அவ்ளோதான். காசல்ரீ அணைக்கட்டு குளத்து கரையில நம்ம லயத்து ஆளுங்ககிட்ட காட்டினா "தகரத்த எந்த மீன்டா திங்கும்"னு ஒரே சிரிப்பு. யூடியூப்ல பாத்தா ஒருத்தன் அதே தகரத்த வச்சு கை நீளத்துக்கு மீன தூக்குறான், அது எந்த நாட்டு தண்ணியோ தெரியல. நம்ம மலைநாட்டு தண்ணிக்கு இது சரிவருமா? எந்த மீனுக்கு எத போடணும்? உசிரோட சின்ன மீன கோத்து போட்டா லூர விட நல்லா கடிக்கும்னு ஒருத்தர் சொன்னாரு, அதுவும் உண்மையா? ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் போக ஏலும், அதனால கொஞ்சம் வெவரமா சொல்லுங்க.

மஸ்கெலியா மச்சான்:
தம்பி, லயத்து ஆளுங்க சிரிச்சதுல பாதி நியாயம் இருக்கு. லூருன்னா என்னா, ஓடுற சின்ன மீன் மாதிரி நடிக்கிற சாமான். அத பாத்து தொரத்துற மீன் தண்ணியில இருந்தாத்தான் அதுக்கு வேலை. காசல்ரீ, மவுசாகலை, இப்ப தலவாக்கலையில மேல் கொத்மலை, இங்கயெல்லாம் கரையில நின்னு நம்ம ஆளுங்க புடிக்கிறது பெரும்பாலும் திலாப்பியாவும் கெண்டையும். திலாப்பியா 1952ல வெளிநாட்டுலருந்து கொண்டாந்து விட்டது, பாசியும் புழுவும் கெடச்சதும் திங்கும். கெண்டை வாய் ஓரத்துல இருக்குற மீசையால சேத்த தடவி ருசி பாத்து திங்குற சாதி. அதுக்கு முன்னாடி நீ ஸ்பூன ஆட்டிக்கிட்டே இருந்தா அது பாட்டுக்கு மேஞ்சுகிட்டு இருக்கும்.

அதனால காசல்ரீக்கு புழு, பாண், கோதுமை மா உருண்டை, இதுதான் மொத சாய்ஸ். மா உருண்டைய கொஞ்சம் இறுக்கமா பெசையணும், இல்லாட்டி வீசுறப்பவே கழண்டு போயிரும். புழுவ முழுசா தொங்க விடாத, திலாப்பியா நுனிய மட்டும் கடிச்சு கடிச்சு தின்னுட்டு போயிரும், நீ தக்கை ஆடுது ஆடுதுன்னு பாத்துக்கிட்டே இருப்ப, இழுத்தா வெறும் முள்ளு வரும். சின்ன முள்ளா எடுத்து, முள்ள மறைக்கிற அளவுக்கு ஏத்தி, முனையில கொஞ்சூண்டு மட்டும் நெளியுற மாதிரி விடு. தக்கை மொத தடவை லேசா ஆடும், அப்ப இழுக்காத. சாஞ்சு ஒரு பக்கமா நகர ஆரம்பிக்கும் பாரு, அப்ப இழு.

இன்னொன்னு, மவுசாகலைக்கு வந்தா அந்த மும்முள்ளு லூர வெளிய எடுக்காத. அணை கட்டினப்ப பழைய மஸ்கெலியா டவுனே தண்ணிக்குள்ள போச்சு, தண்ணி வத்துற காலத்துல பழைய கோயிலெல்லாம் இன்னும் வெளிய தெரியும். அந்த செவரு, அத்திவாரம், மரக்கட்டை எல்லாம் அடியில அப்படியே கெடக்கு. மீன் ஒதுங்குறதும் அங்கதான், லூர் மாட்டுறதும் அங்கதான். உங்க மாமா கத்தார்ல வேர்வை சிந்தி வாங்கினது பழைய டவுன்ல எங்கயாவது தொங்கிக்கிட்டு இருக்கும்.

நுவரெலியா குளிர்:
மேல சொன்னது எல்லாம் குளத்துக்கு சரி, ஆனா ஆத்துக்கு கதை வேற. வெள்ளக்கார தொரைமார் 19ஆம் நூற்றாண்டு கடைசியில இங்கிலாந்து ஞாபகத்துல கொண்டாந்து விட்ட ட்ரவுட் நம்ம பக்கத்து குளிர் ஓடைகள்ல இருக்கு, அது சரியான வேட்டைக்கார மீன், கண்ணால பாத்து அடிக்கும். தண்ணி கண்ணாடி மாதிரி தெளிஞ்சு இருக்குற நேரத்துல அதுக்கு விரல் நக அளவு ஸ்பின்னர் போதும். பெருசு போட்டா பயந்து கல்லுக்கு அடியில பூந்துரும். தண்ணி வர்ற பக்கத்த பாத்து நின்னுக்கிட்டு மேல வீசி, ஓட்டத்தோட கீழ வர வர சுத்தி எடுக்கணும், ஏன்னா மீன் ஓட்டத்துக்கு எதிரா தலைய வச்சு நிக்கும், நம்ம பின்னாடிருந்து போறதால பாக்காது. அந்த சின்ன தகடு சுத்துறது கையில துடிப்பா தெரியும், துடிப்பு நின்னா பாசி மாட்டிருச்சுன்னு அர்த்தம், எடுத்து தொடச்சிட்டு திரும்ப வீசு.

லூர் ஏன் வேலை செய்யுதுன்னா பளபளப்பு மட்டும் காரணம் இல்ல. மீனுக்கு ரெண்டு பக்கமும் ஒடம்பு நீளத்துக்கு ஒரு கோடு ஓடும், தண்ணியில வர்ற அதிர்வ அது அதால உணரும். லூர் கோணலா ஆடி ஆடி வர்றப்ப அடிபட்ட மீன் திணறுற மாதிரி அதுக்கு தெரியும். பின்லாந்துல லவுரி ராபாலான்னு ஒரு மீன்காரர் இத கவனிச்சுத்தான் 1936ல கார்க்க செதுக்கி, சாக்லேட் சுத்தி வர்ற ஈயத்தாள ஒட்டி, போட்டோ நெகட்டிவ உருக்கி மேல பூசி தன் லூர செஞ்சாரு. உங்க டப்பாவுல இருக்குற பிளாஸ்டிக் மீனெல்லாம் அந்த வழியில வந்ததுதான்.

ஒன்னு மட்டும் மறந்துராதீங்க, ஹோட்டன் சமவெளி தேசிய பூங்கா, அதுக்குள்ள தூண்டில தூக்கிக்கிட்டு போக வேணாம். வெளிய இருக்குற ஓடைனாலும் எஸ்டேட்டுக்கு சொந்தமா யாருக்கு சொந்தம்னு கேட்டுட்டு எறங்குங்க.

பழைய தூண்டில்காரன்:
நா ஒரு கேள்வி கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. மீன் புடிக்கிறது எதுக்கு? கொழம்புக்குத்தானே? ஒரு லூர் வாங்குற காசுக்கு ஒரு கிலோ மீனே வாங்கிறலாம். 2022ல டொலர் ஏறினப்பருந்து கடையில அந்த சாமான தொடவே ஏலாது. மண்புழுவுக்கு காசா பணமா, மம்பட்டியால ரெண்டு கொத்து கொத்துனா ஒரு டின் வரும். இந்த காலத்து பசங்க மீன புடிச்சு போட்டோ எடுத்து முத்தம் குடுத்து திரும்ப தண்ணியில விடுறானுங்க, அதுக்கு எதுக்குடா காலங்காத்தால பனியில போயி நிக்கணும். காசல்ரீ திலாப்பியாவ மெளகும் புளியும் போட்டு வச்சு மறுநா ரொட்டிக்கு தொட்டு பாரு, அப்புறம் விடுவியா.

அதோட மழக்காலத்துல உங்க லூரு என்னா பண்ணும்? மே மாசம் தென்மேற்கு மழை எறங்கினா காசல்ரீக்கு வர்ற கெஹெல்கமு ஓயா ஆறு செகப்பா வரும், தண்ணி தேத்தண்ணி மாதிரி ஆயிரும், மீன் கண்ணுக்கு ஒன்னும் தெரியாது. அப்ப மணக்குற புழுதான் மீன தேடி கூட்டிட்டு வரும். ராத்திரியில விலாங்கு புடிக்கணும்னாலும் புழுதான், பெரிய புழுவா ரெண்டு மூணு சேத்து கோக்கணும்.

கொட்டகலை டீச்சர்:
பெரியவர் சொல்றது சரிதான், சாப்பிடுறதுக்கு புடிச்சா புழுவே போதும், நானும் அந்த கட்சிதான். ஆனா தம்பி கடைசியா கேட்ட கேள்விக்கு யாருமே பதில் சொல்லல, அதான் எனக்கு முக்கியமா படுது. உசிரோட மீன கோத்து போடுறது நல்லா கடிக்கும், அதுல சந்தேகமே இல்ல, மணமும் இருக்கு அசைவும் இருக்கு. பிரச்சின என்னான்னா அந்த சின்ன மீன எங்கருந்து கொண்டு வர்றீங்க? நெறைய பேர் ஒரு குளத்துல வலைய போட்டு வாளியில புடிச்சு இன்னொரு குளத்துக்கு கொண்டு போறாங்க, மிச்சத்த போறப்ப கரையிலேயே கொட்டிட்டு போறாங்க. அப்படி போன மீனோ அதோட வர்ற நோயோ அந்த தண்ணியில பரவினா அப்புறம் யாராலயும் எடுக்க ஏலாது. வீட்டு மீன் தொட்டியில அழுக்கு திங்க வாங்குற டேங்க் கிளீனர் மீன் இப்ப நம்ம நாட்டு ஆத்துலயும் குளத்துலயும் பெருகிக் கெடக்கு, அதுவும் யாரோ வாளியோட கொட்டினதுதான். நம்ம மலையில பொறந்து இந்த ஓடைய விட்டா வேற எங்கயும் இல்லாத சின்ன சின்ன மீனெல்லாம் இருக்கு, அதுங்களோட எடத்துல போயி எத விடுறோம்னு யோசிக்கணும். கட்டாயம் போடணும்னா அதே தண்ணியில புடிச்ச மீன அதே தண்ணியில போடுங்க, மிச்சத்த வாளியில தூக்கிட்டு வராதீங்க.

இன்னொன்னும் இருக்கு. புழு, உயிர் மீன் இதெல்லாம் மீன் நெசமாவே சாப்பாடுன்னு நெனச்சு முழுங்கிரும், அதனால முள்ளு தொண்டைக்கு கீழ எறங்கிரும். லூருன்னா ஒரு கடியிலயே போலின்னு தெரிஞ்சு துப்ப பாக்கும், அதனால பெரும்பாலும் ஒதட்டுலதான் மாட்டும். குட்டி மீன் மாட்டி திரும்ப விடணும்னு நெனச்சா இது பெரிய வித்தியாசம். முள்ளு உள்ள போயிருந்தா கைய விட்டு தோண்டாதீங்க, முள்ளோட நூல ஒட்ட வெட்டி விட்டுருங்க, தோண்டி எடுக்குறத விட மீன் பொழைக்க வாய்ப்பு அதிகம்.

பழைய தூண்டில்காரன்:
டீச்சர் சொன்னா கேக்க வேண்டியதுதான். குட்டி மீன நானும் விட்டுருவேன், அதுல முள்ளத்தவிர ஒன்னும் இல்ல.

மஸ்கெலியா மச்சான்:
டீச்சர் சொன்னதோட ஒன்னு சேக்குறேன். அந்த ரப்பர் தவக்கள விராலுக்கு செஞ்சது, அத மலை உச்சியில போட்டு நேரத்த வீணாக்காத. விரால் கொஞ்சம் சூடான தண்ணிய விரும்பும், கண்டிக்கு கீழ விக்டோரியா, ரந்தெனிகல குளத்து பக்கம் சொந்தக்காரங்க இருந்தா அங்க போறப்ப கொண்டு போ. செடி கொடி அடர்ந்த ஓரத்துல தவக்கள தத்தி தத்தி வர்ற மாதிரி இழுக்கணும், விரால் காத்த குடிக்க மேல வர்ற மீன், அதனால தண்ணிக்கு மேலயே அடிக்கும், "டப்"புன்னு ஒரு சத்தம் வரும் பாரு, நெஞ்சு நின்னு போகும். அடிச்ச ஒடனே இழுத்துறாத, வாய்க்குள்ள எடுத்து திரும்புறதுக்கு ஒரு நொடி குடு. ஆனா தண்ணிக்கு மேல செவப்பா கூட்டமா குஞ்சுங்க கொப்பளிக்கிறத பாத்தா அந்த எடத்துல வீசாத. தாயும் தகப்பனும் அடியில காவல் நிக்கும், எது வந்தாலும் கோவத்துல அடிக்கும், புடிக்கிறது ரொம்ப சுலபம். ஆனா அதுங்கள தூக்கிட்டா அந்த குஞ்சுங்கள மத்த மீன் ஒரே நாள்ல முடிச்சிரும். இதுல என்னா வீரம் இருக்கு.

பொகவந்தலாவ பொடியன்:
எல்லாருக்கும் நன்றி, சரியான வெளக்கம். அப்ப ஞாயித்துக்கிழமை மூங்கி கம்பு ஒன்னுல புழுவும், மாமா குடுத்த றொட்டுல சின்ன ஸ்பின்னரும்னு ரெண்டயும் கொண்டு போறேன். சின்ன ஸ்பின்னருக்கு திலாப்பியா ஒன்னு கூட அடிக்காதா? அந்த மும்முள்ள மாத்த ஏலுமா?

நுவரெலியா குளிர்:
அடிக்கும், ஆனா பசியில இல்ல. ஆண் திலாப்பியா ஆழம் இல்லாத எடத்துல சேத்துல வட்டமா குழி பறிச்சு வச்சிருக்கும், கரையிலருந்தே தெரியும். அந்த குழி மேல ஸ்பின்னர் மெதுவா போனா வெரட்டுறதுக்கு வந்து மோதும். இது ஆப்பிரிக்காவுலருந்து வந்த மீன், குளிர் ஆகாது. விடியக்காலம் பனியில போயி நிக்கிறத விட வெயில் ஏறி ஓரத்து தண்ணி சூடான பிறகு போறது நல்லது, உங்களுக்கும் தூக்கம் மிச்சம்.

மும்முள்ள மாத்துறது லேசு. சின்ன வளையத்த நகத்தாலயோ குறட்டாலயோ விரிச்சு கழட்டிட்டு ஒத்த முள்ளு ஒன்ன மாட்டுங்க, முள்ளு முனைக்கு கிட்ட பின்பக்கமா திரும்பி ஒரு குட்டி முனை இருக்கு பாருங்க, அத குறட்டால அமுக்கி விட்டா கையில குத்தினாலும் ஒடனே வெளிய வரும். கரையில எவ்வளவு பேரு கைய குத்திக்கிட்டு டிஸ்பென்சரிக்கு ஓடுறாங்கன்னு பாத்தா தெரியும்.

கொட்டகலை டீச்சர்:
தண்ணி எறங்கி இருக்குற நேரம்னா காஞ்ச மாதிரி தெரியுற சேத்துல கால வைக்காதீங்க தம்பி, மேல மட்டும்தான் காஞ்சிருக்கும், முழங்கால் வரைக்கும் உள்ள போகும். கரை சரிஞ்ச எடத்துலயும் ஒத்தையா நிக்காதீங்க, அணைக்கட்டு கிட்ட போனா செக்யூரிட்டி வெரட்டுவாங்க, அவங்களோட வாதாடாதீங்க.

பொகவந்தலாவ பொடியன்:
சரிங்க டீச்சர். அண்ணன்மாரே, கடைசியா ஒன்னு, நல்ல புழு எங்க தோண்டுறது? எங்க லைன் பக்கம் தோண்டினா நூல் மாதிரி ஒல்லியாதான் வருது.

பழைய தூண்டில்காரன்:
மாட்டு கொட்டிலுக்கு பின்னாடி பழைய சாணி குமிச்சிருப்பாங்க, அதுக்கு அடியில தோண்டு, இல்லாட்டி வாழ மரத்தடியில ஈரமான எடத்துல. தேயிலைக்கு மருந்து அடிச்ச மலையில தோண்டாத, அங்க புழு இருந்தாலும் செத்த மாதிரிதான் கெடக்கும். டின்ல அதே மண்ணயும் கொஞ்சம் எலையயும் போட்டு மூடியில ஓட்ட போட்டுக்க. நானும் ஞாயித்துக்கிழமை நோர்வூட் பக்கம் வருவேன், தகரத்த கொண்டா, நானும் ஒரு தடவ வீசி பாக்குறேன்.