அம்மாவின் காலண்டர் தாள்கள்: ஒரு யோசனை சொல்லுங்க

எல்லாருக்கும் ஸ்தோத்திரமுங்க. நான் சோமனூர்ப் பக்கம். போன தையில் அப்பா இறந்துவிட்டார். எட்டுத் தறியில் ஐந்து நின்றுவிட்டது, கூலி கட்டுபடியாகவில்லை. அம்மாவுக்கு 71 வயது. காலையில் முழங்கால் போடுகிறார், ஆனால் வாய் திறந்து ஜெபிப்பதில்லை. "ஆண்டவர் நம்மள மறந்துட்டாரா கண்ணு?" என்று ஒருநாள் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

போன வாரம் பீரோவை ஒதுக்கும்போது தினசரி காலண்டர் தாள்கள் ஒரு கட்டு கிடைத்தது. பாவு நூலால் கட்டி வைத்திருந்தார். பின்பக்கமெல்லாம் அம்மா கையெழுத்து. "கரண்ட் பில்லுக்குப் பணமில்லை. சாயங்காலம் பழைய பாக்கி வந்தது. ஸ்தோத்திரம்." இன்னொன்றில், "பையனுக்குக் காய்ச்சல் விட்டது" என்று மட்டும். அந்தப் பையன் நான்தான்.

ஆண்டவர் யோர்தான் ஆற்றைக் கடக்க வைத்ததைப் பிள்ளைகள் மறக்காமலிருக்க, இஸ்ரவேலர் அதிலிருந்து 12 கல்லை எடுத்துக் கில்காலில் நாட்டினார்களே (யோசுவா 4), அதுபோல எங்கள் வீட்டுக் கல் இதுதான் என்று தோன்றியது. ஆனாலும் அம்மாவிடம் நீட்டத் தயக்கம். துக்கத்தில் இருப்பவருக்குப் புத்திமதி மாதிரி ஆகிவிடுமோ? 77-ஆம் சங்கீதத்திலும் முதலில் புலம்பல்தானே, 11-ஆம் வசனத்தில்தான் சங்கீதக்காரர் கர்த்தர் முன்பு செய்ததை நினைவுகூருகிறார்.

வீட்டுப் பெரியவர்களோடு இப்படிச் செய்து பார்த்தவர்கள் இருந்தால், பேச்சை எப்படி ஆரம்பித்தீர்கள்? நாமே வாசித்துக் காட்டலாமா, தாள்கட்டை மேசைமேல் சும்மா வைத்துவிடலாமா? அப்புறம், மை மங்கிய தாள்களை லேமினேஷன் செய்தால் கெட்டுப்போகுமா?

வெறும் ஆமென் மட்டும் போடாதீங்க, உங்கள் அனுபவத்தையும் எழுதுங்க.