அசடீக் தீவில் குதிரைகளோடு இரண்டு இரவுகள்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலுள்ள அசடீக் மாநிலப் பூங்காவுக்குச் சென்று கூடாரத்தில் தங்கி வந்தவர்கள் பெரும்பாலும் அங்குள்ள காட்டுக் குதிரைகளின் அழகைத்தான் சொல்வார்கள். நானும் அந்தக் குதிரைகளைப் பற்றியே எழுதுகிறேன். ஆனால் அங்கே நாங்கள் செய்த ஒரு தவறை மறைக்காமல் சொன்னால், அடுத்து அங்கே போகிற குடும்பங்களாவது கவனமாக இருக்கும் என்பதுதான் இதை எழுதுவதற்கு முதற்காரணம்.

கடந்த செப்டம்பரில் வேதாரண்யத்திலிருந்து வந்திருந்த அம்மா, மனைவி, 9 வயது மகள் ஆகியோருடன் வாஷிங்டன் பக்கமிருந்து காரில் கிளம்பி, செசபீக் விரிகுடாவின் நீண்ட பாலத்தைத் தாண்டி, சோளமும் சோயாவும் விளையும் சமவெளி வழியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து தீவை அடைந்தோம். அசடீக் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளமுள்ள ஒடுக்கமான மணல் தீவு. கிழக்கே அட்லாண்டிக் கடல், மேற்கே உப்பங்கழி. தீவின் வடபகுதி மேரிலாந்தையும் தென்பகுதி வர்ஜீனியாவையும் சேர்ந்தவை. வடபகுதியில், தேசியக் கடற்கரைப் பூங்காவுக்கு நடுவே, சுமார் 3 கிலோமீட்டர் கடற்கரையோடு இந்த மாநிலப் பூங்கா இருக்கிறது. கூடாரம் போட 300க்கும் மேற்பட்ட தங்குமனைகள் இருந்தும் கோடையில் இடம் கிடைப்பது அரிது என்பதால், பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்திருந்தோம்.

மணல்மேட்டுக்குப் பின்னால் எங்களுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் ஒரு மரமேசையும், நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையமும் இருந்தன. நிழல் தரும் மரம் ஒன்றுகூட இல்லை. கூடாரத்தோடு வந்த குட்டையான முளைகளை அடித்தால், அடுத்த காற்றிலேயே அவை மணலைவிட்டு வெளியே வந்துவிட்டன. பக்கத்து மனையிலிருந்த பெரியவர் இதைக் கவனித்துவிட்டு எழுந்து வந்து ஒரு வழி காட்டினார். துணிப்பையில் மணலை நிரப்பி, கூடாரக் கயிற்றை அதன் கழுத்தில் முடிந்து, ஒரு முழ ஆழத்தில் குழி தோண்டிப் புதைத்து, மேலே மணலை மிதித்து இறுக்க வேண்டும். அப்படிப் புதைத்த நான்கு பைகளும் இரவு முழுவதும் வீசிய கடற்காற்றில் சிறிதும் அசையவில்லை. கொசுவைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. உப்புச் சதுப்பு பக்கத்திலேயே இருப்பதால், அந்தி சாய்ந்ததும் முழுக்கைச் சட்டை இல்லாமல் வெளியே இருக்க முடியாது.

முதல் மாலையே சதுப்புநிலத்தின் ஓரம் ஐந்து குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. பழுப்பும் வெள்ளையும் திட்டுத்திட்டாகக் கலந்த உடல், காற்றில் சிக்குப் பிடித்த பிடரி, நம் ஊர் வண்டிக் குதிரையைவிடச் சற்றுக் குள்ளமான உருவம். அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "நம்ம கோடியக்கரையில திரியுற மட்டக்குதிரை மாதிரியே இருக்குப்பா" என்றவர், "எல்லாமே சினையா இருக்கோ?" என்றும் கேட்டார். அவ்வளவு உப்பிய வயிறு! அவ்வழியே வந்த ரேஞ்சரிடம் (பூங்காக் காவலர்) கேட்டபோது விளக்கம் கிடைத்தது. இந்தக் குதிரைகளின் முக்கிய உணவு உப்புச் சதுப்பில் முளைக்கும் முரட்டுப் புல். அதிலுள்ள உப்பின் காரணமாக வீட்டுக் குதிரையைப்போல் இரண்டு மடங்கு தண்ணீர் குடிப்பதால்தான் வயிறு அப்படித் தோன்றுகிறது. ஸ்பெயின் நாட்டுக் கப்பல் உடைந்து கரையேறிய குதிரைகளின் வழிவந்தவை இவை என்ற கதை அங்கே பரவலாக இருந்தாலும், 17ஆம் நூற்றாண்டில் கால்நடை வரிக்கும் வேலி போடும் சட்டத்துக்கும் தப்ப, கரையோரக் குடியேறிகள் தீவில் கொண்டுவந்து விட்ட குதிரைகளின் சந்ததி என்பதே பொருத்தமான விளக்கம் என்று அவர் சொன்னார். குறைந்தது 40 அடி தள்ளி நிற்கும்படியும், உணவு எதுவாயினும் காரில் வைத்துப் பூட்டும்படியும் எச்சரித்துவிட்டுச் சென்றார்.

அந்த எச்சரிக்கையை நாங்கள் முழுமையாகக் கடைப்பிடிக்கவில்லை. புளியோதரையையும் பழங்களையும் காரில் பூட்டினோம்; ஆனால் அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்குப் பை கூடாரத்தின் முன்தாழ்வாரத்திலேயே இருந்துவிட்டது. நான்தான் கடைசியாக எல்லாவற்றையும் சரிபார்த்தேன் என்பதால் அது என் தவறு.

விடியற்காலையில் துணி கிழியும் சத்தம் கேட்டு விழித்தேன். தாழ்வாரத் துணியைப் பல்லால் பற்றி இழுத்துக்கொண்டிருந்தது ஒரு பெண்குதிரை. அதன் மூச்சுக்காற்று துணியில் மோதுவது கைக்கெட்டும் தூரத்தில் கேட்டது. மீசைபோல் நீண்ட முடிகள் முளைத்த ஈரமான மேலுதடு பைக்குள் நுழைந்து துழாவியது. அதன் பின்னால் ஒரு குட்டி நின்றது. காட்டுக் குதிரை கடிக்கும், உதைக்கும் என்று முந்தைய மாலைதான் கேட்டிருந்ததால், மகளை அணைத்துக்கொண்டு உள்ளேயே அசையாமல் இருந்தோம். பையைக் காலி செய்தபின், எந்த அவசரமும் இல்லாமல், குட்டியோடு அடுத்த மனையின் மேசையை நோக்கி அது நடந்தது. அந்த நடை என்னை மிகவும் கலங்கவைத்தது, ஏனென்றால் மேசையில் என்ன கிடைக்கும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. குட்டியும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

காலையில் நானே சென்று நடந்ததை ரேஞ்சரிடம் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளாமல், 'சிப்' என்று எல்லோரும் அழைத்த ஓர் ஆண்குதிரையின் கதையைச் சொன்னார். மனிதர்களின் உணவுக்குப் பழகிப்போன சிப், கூடாரம் கூடாரமாகத் தேடித் திரிந்து, தடுக்க வந்தவர்களிடம் மூர்க்கம் காட்டத் தொடங்கியது. வேறு வழியின்றி 2022இல் அதைத் தீவிலிருந்து பிடித்து, டெக்சஸ் மாநிலத்திலுள்ள ஒரு விலங்குக் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மேரிலாந்துப் பகுதியில் இருப்பவை மொத்தமே 100க்கும் குறைவான குதிரைகள்தான். தீவின் புல்லுக்கு மிஞ்சி அவை பெருகாதிருக்கக் கருத்தடை மருந்து செலுத்தி எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தியதும் உண்டு. உணவுக்காகச் சாலையோரம் நின்று பழகிய குதிரைகள் காரில் அடிபட்டுச் செத்ததும் உண்டு. "அந்தக் குட்டியையும் அனுப்பிவிடுவார்களா அப்பா?" என்று மகள் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

அன்று பகலில் பக்கத்துத் தேசியப் பூங்காவின் மணல்மேட்டுப் பாதையில் நடந்தோம். அங்கே மணலுக்கும் புதருக்கும் நடுவே உடைந்த தார்ச்சாலைத் துண்டுகள் கிடக்கின்றன. தீவின் இந்தப் பகுதியை வீட்டுமனைகளாகப் பிரித்து விற்று, பால்டிமோர் பூல்வார்டு என்ற பெயரில் சாலையும் போட்டிருந்த காலத்தில், 1962 மார்ச் மாதப் பெரும்புயல் வீடுகளையும் சாலையையும் வாரிக்கொண்டு போனது. அதற்குப் பிறகே, 1965இல், இதைத் தேசியக் கடற்கரையாக அறிவித்தார்கள். அந்தப் புயல் வந்திராவிட்டால் குதிரைகளுக்கு இங்கே இடமே இருந்திருக்காது என்று எண்ணியபடி நின்றேன். வடக்கே ஓஷன் சிட்டியின் அடுக்குமாடிகள் தெளிவாகத் தெரிந்தன.

இரண்டாம் இரவு, பற்பசை உட்பட வாசனையுள்ள எல்லாவற்றையும் காரில் வைத்துப் பூட்டினோம். மகள் கைவிளக்கோடு மேசைக்கு அடியில் குனிந்து, சிந்திய பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். மறுநாள் விடிந்ததும் மேசையைச் சுற்றிக் குளம்புத் தடங்கள் இருந்தன. பெரிய தடங்களும் அவற்றை ஒட்டிச் சிறிய தடங்களுமாக மேசையை ஒருமுறை சுற்றிவந்து, எங்கள் கூடாரத்தை விட்டு விலகி, சதுப்பை நோக்கிப் போயிருந்தன. கொஞ்ச தூரம் அவற்றைப் பின்தொடர்ந்தோம். இடுப்பளவு புல்லில் தாயும் குட்டியும் தலைகுனிந்து மேய்ந்துகொண்டிருந்தன. நாங்கள் அங்கேயே நின்றுவிட்டோம்.