பாய்க்கடைக்கு வெளி மெயில் சேவை தேவையா?

பத்தமடைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா காலத்திலிருந்து எங்களுக்குக் கோரைப்பாய் வியாபாரம். நான் பொறுப்பெடுத்த பிறகு வூகாமர்ஸ் என்ற கடை மென்பொருளில் இணையக்கடை போட்டு மூன்று வருடம் ஆகிறது. வாங்கியவர்கள், விசாரித்தவர்கள் என்று 2,300 மின்னஞ்சல் முகவரிகள் சேர்ந்திருக்கின்றன. தை மாதக் கல்யாணங்களை மனதில் வைத்து, மார்கழியில் எல்லாருக்கும் ஒரே மூச்சில் மெயில் அனுப்பினேன், கடைத்தளத்துக்கு இடம் வாடகைக்குக் கொடுத்திருக்கும் ஹோஸ்டிங்கிலிருந்தே. முந்நூறு போனதும் நின்றுவிட்டது. மணிக்கு இத்தனை மெயில்தான் என்ற வரம்பைத் தாண்டிவிட்டேனாம். கணக்கை முடக்கிவிட்டார்கள். அதைவிடக் கொடுமை, அன்று ஆர்டர் போட்டவர்களுக்குப் போகவேண்டிய ரசீது மெயிலும் மறுநாள் வரை போகவில்லை. பணம் கட்டிய ஒருவர் "ஏமாத்திட்டீங்களா?" என்று போனில் கேட்டார். பட்டியலை வைத்து மொத்தமாக மெயில் அனுப்பித் தரும் வெளிச் சேவை ஒன்றை எடுத்துக் கடையோடு இணைத்துவிடலாமா? மாதாமாதம் பணம் கட்டும் அளவுக்கு அதில் விஷயம் இருக்கிறதா?

ரதவீதி அண்ணாச்சி:
தம்பி, ஒரு கேள்வி. பாய் வாங்கியவர் அடுத்த பாய் எப்போது வாங்குவார்? நல்ல பத்தமடைப் பாய் என்றால் பத்து வருடம் கிடக்கும். அந்தப் பத்து வருடமும் அவர் தலைக்கு நீ மாத வாடகை கட்டப் போகிறாயா? இந்தச் சேவைகளில் பலவும் எத்தனை முகவரி வைத்திருக்கிறாய் என்று தலையை எண்ணித்தான் காசு கேட்கும். மெயிலைத் திறக்காமல் உறங்குகிறவர் தலையும் கணக்கில் சேரும். டவுனில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப் போதும். படம் போட்டால் அரை மணியில் பதில் வருகிறது. மெயிலை இந்தக் காலத்தில் யார் பார்க்கிறார்கள், பேங்க்காரன் அனுப்பினால்கூட?

கல்லிடை அப்பளம்:
அண்ணாச்சி பாத்திரக்கடையை வைத்து எல்லாக் கடையையும் எடைபோடுகிறார். நாங்கள் கல்லிடைக்குறிச்சி. உளுந்து அப்பளம், பிரண்டை அப்பளம், வடகம். வாங்கியவர் மறுபடி வாங்க ஒன்றரை மாதம் ஆகும் என்று எங்களுக்கே தெரியாது, சேவையை இணைத்த பிறகுதான் தெரிந்தது. கடையில் ஆர்டர் விழுந்ததும் யார், என்ன, எவ்வளவு, எந்தத் தேதி எல்லாம் அந்தப் பக்கம் போய்விடும். 40 நாள் ஆகியும் வாங்காதவருக்கு மட்டும் ஒரு மெயில். பிரண்டை வாங்கியவருக்குப் பிரண்டைப் படம். ஐப்பசி மழையில் காயப்போட முடியாமல் சரக்கு நின்றால், வெயில் வந்து புதுச் சரக்கு ஏறியதும் கேட்டிருந்தவர்களுக்கு மட்டும் தகவல் போகும். இதையெல்லாம் நோட்டுப் போட்டுக் கையால் செய்ய ஆள் வைத்தால் சம்பளம் எவ்வளவு?

வாட்ஸ்அப் பற்றி: சாதாரண செயலியில் ஒரு பிராட்காஸ்ட் பட்டியலுக்கு 256 பேர்தான். உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச்சேரும். பத்தமடைத் தம்பியின் 2,300 பேரில் எத்தனை பேர் பாய்க்கடை நம்பரைச் சேமித்து வைத்திருப்பார்கள்? அதற்கு மேலே போனால் அங்கேயும் விளம்பரச் செய்திக்குக் காசுதான்.

ரதவீதி அண்ணாச்சி:
அப்பளம் தீரும், பாய் தீராது. நான் சொன்னதும் அதுதானே வே. உம்ம கணக்கு உமக்குச் சரி, தம்பிக்கு எப்படிச் சரியாகும்? இன்னொன்று. வாடிக்கையாளர் பட்டியல் கடையின் சொத்து. அதைக் கொண்டுபோய் எங்கேயோ இருக்கிற கம்பெனியிடம் கொடுத்துவிட்டு அவன் நல்லவனாக இருக்கவேண்டும் என்று சாமி கும்பிடணுமா? 2019 மார்ச்சில் மெயில்சிம்ப் என்ற மெயில் சேவைக்கும் ஷாப்பிஃபை என்ற இணையக்கடைத் தளத்துக்கும் தகராறு வந்து, இணைப்பை எடுத்துவிட்டார்கள். வாடிக்கையாளர் விவரங்களைக் கடைப்பக்கம் சரியாகத் திருப்பித் தரவில்லை என்று ஷாப்பிஃபை சொல்ல, உங்கள் நிபந்தனை எங்களுக்கு ஒத்துவராது என்று மெயில்சிம்ப் சொல்ல. மறுபடி கைகோத்தது 2021-இல். நடுவில் இரண்டையும் நம்பிய கடைக்காரருக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி.

உடன்குடிக் கருப்பட்டி:
நான் அண்ணாச்சி பக்கம்தான், ஆனால் காரணம் வேறு. 2023 டிசம்பர் 18 நம் சீமையில் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட் தண்ணீரில். முந்தின வாரமே நான் சேவையில் ஒரு சலுகை மெயிலை அந்தத் திங்கட்கிழமை காலைக்கு நேரம் குறித்து வைத்திருந்தேன். "இன்று மட்டும்! உங்கள் வீடு தேடிக் கருப்பட்டி!" கரண்ட் இல்லை, டவர் இல்லை, நிறுத்த வழியில்லை. சொன்னபடி காலை 9 மணிக்கு 900 பேருக்குப் போயிருக்கிறது. போதாததற்கு, கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போனவர்களுக்கு ஒரு மணி, ஒரு நாள், மூன்று நாள் என்று தானாகப் போகும் நினைவூட்டல் வேறு. ஸ்ரீவைகுண்டத்துக்காரர் ஒருவர் பதில் போட்டிருந்தார்: "மொட்டைமாடியில் நிற்கிறோம். உங்களுக்கு விற்கிற நேரமா?" நான் அதைப் படித்தது நாலு நாள் கழித்து. அவரை எனக்கு ஆறு வருடமாகத் தெரியும். அப்புறம் அவர் வாங்கவில்லை.

கல்லிடை அப்பளம்:
அக்கா, வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நேரம் குறித்து வைத்ததன் கோளாறு. வாட்ஸ்அப்பில் நேரம் குறித்திருந்தாலும் அதேதான் நடந்திருக்கும்.

உடன்குடிக் கருப்பட்டி:
வாட்ஸ்அப்பில் கையால்தான் அனுப்புவேன். அன்றைக்குக் கை எழும்பியிருக்காது.

பாளை கம்ப்யூட்டர்:
தானாகப் போகும் மெயில் நல்லதா கெட்டதா என்று நீங்கள் பேசிக்கொண்டே இருங்கள். கேள்வி கேட்டவருக்குப் பதில் வேறு இடத்தில் இருக்கிறது. அவர் இரண்டு வேறு சாமான்களை ஒரே சாக்கில் கட்டியிருக்கிறார். ரசீது, கொரியர் நம்பர், பாஸ்வேர்டு மாற்றுவது எல்லாம் வாடிக்கையாளர் எதிர்பார்த்துக் காத்திருக்கும் மெயில். சலுகை, புதுவரவு எல்லாம் நாமாகப் போய்க் கதவைத் தட்டுவது. இரண்டையும் ஒரே வழியில் அனுப்பினால், இரண்டாவதன் கெட்ட பெயர் முதலாவதையும் சேர்த்து ஸ்பேமுக்குள் தள்ளிவிடும். விளம்பர மெயிலுக்கு, கடையின் டொமைனுக்கு (இணையப் பெயருக்கு) கீழே ஒரு துணை டொமைன் வையுங்கள். ரசீது தனி வழியில் போகட்டும்.

2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் பிடியை இறுக்கியிருக்கின்றன. மெயில் நிஜமாகவே நம்மிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப் (நம் பெயரில் யார் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (மெயிலில் போடும் கையொப்பம்) இரண்டில் ஒன்றாவது எல்லாருக்கும் வேண்டும். ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் போனால் இரண்டும் வேண்டும், டிமார்க் (அந்தச் சோதனையில் தோற்ற மெயிலை என்ன செய்வது என்ற அறிவிப்பு) வேண்டும், ஒரே தட்டலில் விலகும் வசதியும் வேண்டும். ஸ்பேம் என்று அமுக்குபவர்கள் ஆயிரத்துக்கு மூன்றைத் தொடக்கூடாது. 2,300 பேர் என்றால் ஏழு பேர். ஏழே பேர் கோபப்பட்டால் போதும்.

தம்பி, அனுப்புநர் முகவரியாக எதைப் போட்டீர்கள்?

பத்தமடைக்காரன்:
கடையின் பெயரில் இருக்கும் ஜிமெயில் முகவரியைத்தான்.

பாளை கம்ப்யூட்டர்:
அதுதான் முதல் தப்பு. ஜிமெயில் என்று முகத்தில் எழுதிக்கொண்டு வேறு எங்கிருந்தோ புறப்பட்டு வரும் மெயிலை ஜிமெயிலே சந்தேகப்படும். எந்த வெளிச் சேவையை எடுத்தாலும் இதே கதைதான். சொந்த டொமைன் முகவரி வேண்டும். டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளை, அதாவது எஸ்பிஎஃப் மாதிரி வரிகள் எழுதி வைக்கும் இடத்தை, இங்கே போடுங்கள், பார்ப்போம்.

ரதவீதி அண்ணாச்சி:
ஆக, சேவைக்குக் காசும் கட்டணும், இந்த வேலையையும் நாமே பார்க்கணும். நல்லா இருக்கு.

கல்லிடை அப்பளம்:
இல்லாவிட்டால் சொந்தமாகச் சர்வர் வைத்து அனுப்புங்கள் அண்ணாச்சி, அப்போது இதோடு இன்னும் பத்து வேலை சேரும்.

பாளை கம்ப்யூட்டர்:
நடுவழியும் உண்டு. அமேசானின் எஸ்இஎஸ் என்ற மெயில் அனுப்பும் சேவை ஆயிரம் மெயிலுக்குப் பத்து அமெரிக்க சென்ட் வாங்குகிறது. 2,300 பேருக்கு ஒரு தடவை அனுப்ப டீ, வடைக் காசுதான். தலை எண்ணிக்கைக்கு வாடகை இல்லை. ஆனால் அது குழாய் மட்டும்தான். பட்டியலை நிர்வகிப்பது, விலகியவரை நீக்குவது, அழகான மெயில் வடிவம், எல்லாம் நம் தலையில். புதுக் கணக்குக்கு முதலில் நாளுக்கு 200 என்று கட்டிப்போட்டிருப்பார்கள், அதுவும் முன்கூட்டிச் சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டும். விண்ணப்பித்துத்தான் அவிழ்க்க வேண்டும். தெரிந்தவர் கையில் மலிவு.

ரதவீதி அண்ணாச்சி:
அப்பளக்காரர் சேவையைப் புகழ்கிறாரே, நஷ்டமே வந்ததில்லையா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லும்.

கல்லிடை அப்பளம்:
வந்தது. சொல்கிறேன். போன வருடம் ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்கு மாறினேன். பழைய இடத்திலிருந்து பட்டியலை இறக்கும்போது நடப்பில் இருப்பவர்களை மட்டும் எடுத்தேன், விலகியவர்கள் பட்டியலை எடுக்கவில்லை. அதனால் என்ன என்று நினைத்தேன். புதுச் சேவையைக் கடையோடு இணைத்ததும் அது கடையில் இருந்த அத்தனை வாடிக்கையாளரையும் தானாக இழுத்துக்கொண்டது. "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போன எண்பது பேருக்கு மறுபடி மெயில் போனது. ஒருவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. இது சேவையின் குற்றம் இல்லை, என்னுடையது. இணைக்கும் முன்னால், விலகியவர் பட்டியலை முதலில் ஏற்ற வேண்டும்.

ரதவீதி அண்ணாச்சி:
ஒத்துக்கொண்டதற்கு ஒரு கால் கிலோ அல்வா அனுப்புகிறேன். மெயிலில் அல்ல, கொரியரில்.

உடன்குடிக் கருப்பட்டி:
சட்டம் ஒன்று வந்திருக்கிறதே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்தப் பட்டியலை வெளிநாட்டுக் கம்பெனியிடம் கொடுக்கலாமா?

பாளை கம்ப்யூட்டர்:
2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாதம் அவகாசம். வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது என்று அதில் இல்லை, அரசு தடுக்கும் நாடுகளுக்குத்தான் கூடாது. ஆனால் சேவைக்காரன் தப்புச் செய்தாலும் பொறுப்பு கடைக்காரர் மேல்தான் விழும், இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். பணம் கட்டும் பக்கத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டத்தை ஒப்புதல் என்று சொல்லிக்கொள்ள முடியாது. வெளிநாடு என்பதுதான் உறுத்தல் என்றால் ஜோஹோ கேம்பெயின்ஸ் என்ற இந்திய மெயில் சேவை இருக்கிறது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அவர்கள் அலுவலகமே உண்டு, இந்தியக் கணக்குகளின் தரவு இந்திய மையங்களில் இருக்கிறது. பக்கத்து ஊர் என்பதற்காக எடுக்காதீர்கள், வூகாமர்ஸோடு எப்படி ஒட்டுகிறது என்று சோதித்துவிட்டு எடுங்கள்.

பத்தமடைக்காரன்:
இரண்டு நாள் வர முடியவில்லை, மன்னிக்கவும். எல்லாரும் சொன்னதைப் படித்துவிட்டு ஒரு சேவையில் இலவசக் கணக்கைத் திறந்து, சோதனைக்காக 60 பேருக்கு மட்டும் அனுப்பினேன். அதில் பெருமையாக ஒரு வேலை செய்தேன். முன்பு வாங்கிய பொருளையே படத்தோடு காட்டி, "மீண்டும் வாங்க நேரம் வந்துவிட்டது!" என்று போகும்படி அமைத்தேன். பெயர் நெய்த பட்டுப்பாய் வாங்கியவர்களும் அதில் இருந்தார்கள். மாப்பிள்ளை பெண் பெயர் போட்ட கல்யாணப் பாய். மதுரையிலிருந்து ஒருவர் பதில்: "தம்பி, ஒரு கல்யாணம் போதும். இந்த மெயிலை என் வீட்டுக்காரி முதலில் பார்த்தாள்."

ரதவீதி அண்ணாச்சி:
சிரித்துச் சிரித்துக் கடையில் வந்த ஆளைக் கவனிக்கவில்லை. இதைத்தான் தம்பி முதலிலேயே சொன்னேன்.

கல்லிடை அப்பளம்:
அவர் பதில் போட்டிருக்கிறாரே அண்ணாச்சி! மெயிலை யாரும் பார்ப்பதில்லை என்றீர்கள்.

ரதவீதி அண்ணாச்சி:
சரி, அது உண்மைதான். விடும்.

உடன்குடிக் கருப்பட்டி:
தம்பி, உன் சரக்குக்கு வருடத்துக்கு மூன்று மெயில் போதும். தைக்கு முன்னால் ஒன்று, ஆவணிக்கு முன்னால் ஒன்று, வெயில் தொடங்கும் பங்குனியில் தரையில் விரிக்கும் பாய்க்கு ஒன்று. நீயே உட்கார்ந்து எழுது, நீயே பொத்தானை அமுக்கு. அதற்குச் சேவை வேண்டுமென்றால் எடுத்துக்கொள், அதில் எனக்குச் சண்டை இல்லை. நீ உறங்கும்போது அது உன் பெயரில் பேசக்கூடாது.

கல்லிடை அப்பளம்:
மூன்று மெயிலுக்கு மாதச் சந்தா வீண்தான், ஒத்துக்கொள்கிறேன். அனுப்பிய மெயிலுக்கு மட்டும் காசு வாங்கும் திட்டம் பாருங்கள். எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை நம்பி ஏமாறாதீர்கள், 2021-க்குப் பிறகு ஆப்பிள் மெயில் தானே படங்களை முன்கூட்டி இறக்கிவிடுவதால் திறக்காதவரும் திறந்தவராகத் தெரிவார். ஆர்டர் விழுந்ததா, அதைப் பாருங்கள்.

பாளை கம்ப்யூட்டர்:
இன்னொன்று, மெயிலைச் சின்னதாக வையுங்கள். ஏறக்குறைய 102 கேபிக்கு மேல் போனால் ஜிமெயில் மிச்சத்தை வெட்டிவிடும். தமிழ் எழுத்து ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் எடுக்கும், அதோடு சேவைகளின் வார்ப்புருவே பாதி இடத்தைத் தின்றுவிடும். விலகும் இணைப்பு அடியில்தான் இருக்கும். அது வெட்டுப்பட்டால் வேண்டாதவர் எதை அமுக்குவார்? ஸ்பேம் பொத்தானை.

டிஎன்எஸ் கேட்டேனே?

பத்தமடைக்காரன்:
பார்த்தேன். எஸ்பிஎஃப் இரண்டு வரி தெரிகிறது. ஒன்று ஹோஸ்டிங்காரர் போட்டது, ஒன்று புதுச் சேவை போடச் சொன்னது.

பாளை கம்ப்யூட்டர்:
ஒரு டொமைனுக்கு ஒரு எஸ்பிஎஃப் வரிதான். இரண்டு இருந்தால் சரிபார்ப்பு முறிந்து, இரண்டுமே இல்லாத மாதிரி ஆகிவிடும். இரண்டையும் ஒரே வரியாகச் சேருங்கள். மெயில் சேவையின் வரி துணை டொமைனுக்குப் போகட்டும் என்றால் இன்னும் நல்லது. மாற்றம் பரவச் சில மணி நேரம் ஆகலாம், நாளைக்குச் சோதியுங்கள்.

பத்தமடைக்காரன்:
மாற்றிவிட்டேன். இன்று காலை 200 பேருக்கு மட்டும், என் கையால் அமுக்கி அனுப்பினேன். ஜிமெயில், யாகூ இரண்டிலும் வைத்திருக்கும் என் சோதனை முகவரிகளுக்கு இன்பாக்ஸிலேயே வந்தது. மதியத்துக்குள் இரண்டு ஆர்டர். மூன்று பேர் விலகிவிட்டார்கள்.

ரதவீதி அண்ணாச்சி:
கல்யாணப் பாய்க்காரர்களை எடுத்துவிட்டாயா?

பத்தமடைக்காரன்:
முதல் வேலையே அதுதான் அண்ணாச்சி.