பொருள்: மூச்சுவழி வளிமம் என்று சொல்லலாமா?

வணக்கம்.

அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் ஒப்பந்தப்புள்ளியில் ஓர் ஆங்கிலத் தொடர் வருகிறது: மூச்சோடு இழுக்கும் மருந்து வாயுவால் தரும் சிகிச்சையையும் அதற்கான சேவையையும் கொள்முதல் செய்வது என்று பொருள். அந்தச் சிகிச்சையின் பெயருக்கு நம் மடல்களில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: வாயுச் சிகிச்சை, வளிச் சிகிச்சை, சுவாச வாயுச் சேவை. எனக்கு மூன்றிலும் தயக்கம்.

வாயுச் சிகிச்சை என்றால் நம் ஊரில் பெருங்காயமும் ஓமமும்தான் நினைவுக்கு வரும். வளி அதைவிடப் பழைய சிக்கல். திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் வளி என்பது வாதம். சித்த வைத்தியர் ஒருவர் படித்தால் வாத நோய்க்கு மருந்து என்றே எடுத்துக்கொள்வார். வளிமம் (gas என்பதற்கான அறிவியல் தமிழ்ச் சொல்) என்றால் இந்த வம்பு இல்லை. சுவாச வாயு என்றால் எல்லோரும் ஆக்சிஜன் என்பார்கள்.

இங்கே பேச்சு நைட்ரிக் ஆக்சைடு பற்றியது. (பல் மருத்துவர் தரும் சிரிப்பூட்டும் வாயு நைட்ரஸ் ஆக்சைடு. நேற்று ஒரு மடலில் இரண்டும் கலந்துவிட்டன.) பச்சிளங்குழந்தைகளின் மூச்சுச் செயலிழப்புக்கு இதை மருந்தாக அமெரிக்க அரசு ஒப்புக்கொண்டது 1999 டிசம்பரில். கொடுக்கும் அளவு மூச்சுக்காற்றின் பத்து லட்சம் பங்கில் 20 பங்கு. காற்று எட்டும் இடத்து நுரையீரல் நாளங்களை விரிக்கும். இரத்தத்துக்குள் போனதும் ஹீமோகுளோபின் பிடித்துவிடுவதால் உடலின் மற்ற இடங்களில் இரத்த அழுத்தம் குறைவதில்லை. படைவீரர் மருத்துவமனையிலோ நோயாளிகள் பெரியவர்கள். இதய அறுவையின்போதும் அதன் பின்னும், ஒப்புதலில் இல்லாத பயன்பாடாக, மருத்துவரின் முடிவில் தருகிறார்கள்.

ஆக இது மருந்து. மருந்து போகும் வழிக்கு வாய்வழி, சிரைவழி என்று ஏற்கெனவே சொல்கிறோம். அந்தத் தடத்திலேயே மூச்சுவழி வளிமச் சிகிச்சை என்றால் என்ன?

---

ஐயா, மூச்சுவழி எனக்கும் சரி. தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறவள் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நீங்கள் சேவையை விட்டுவிட்டீர்கள்.

இந்த வளிமம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் நைட்ரஜன் டை ஆக்சைடு ஆகும், அது நுரையீரலுக்கு நஞ்சு. அதனால் அளந்துகொண்டே இருக்கும் கருவி வேண்டும். திடீரென்று நிறுத்தினால் நுரையீரல் அழுத்தம் எகிறும். மாற்று ஏற்பாடு கையருகிலேயே இருக்க வேண்டும். எனவே சிலிண்டரை மட்டும் வாங்கி வைத்துப் பயனில்லை. கருவி, பயிற்சி, நடு இரவிலும் பழுது பார்க்க ஆள் என்று எல்லாம் சேர்த்துத்தான் கேட்பார்கள். விலை பேசுவதும் பெரும்பாலும் வளிமம் ஓடிய மணிக்கணக்கில்.

மணிக்கணக்கை எப்படிக் 'கொள்முதல்' செய்வது? அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு நெல் மூட்டையும் தராசும்தான் தெரிகின்றன. இலங்கை அரசுத் தமிழில் இதற்குப் பெறுகை என்பார்கள். பொருளுக்கும் பொருந்தும், பணிக்கும் பொருந்தும்.

---

பெறுகை நல்ல சொல், அம்மா. எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. தமிழ்நாட்டு வாசகர் முதல் தடவை தடுமாறுவார். தலைப்பில் பெறுகை என்றும் முதல் பத்தியில் ஒருமுறை கொள்முதல் என்றும் போட்டுவிடலாம்.

'சிகிச்சைச் சேவை' மட்டும் நாக்கில் இடறுகிறது. நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். 'மூச்சுவழி வளிம மருத்துவச் சேவைப் பெறுகை' என்று எழுதிப் பார்க்கிறேன். நீளம்தான். மூல ஆவணத்தில் இருப்பது இதைவிட நீளம்.