இரண்டு பொருளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, அதிலேயே ஒரு விஷயத்தைச் சொன்ன அனுபவம் உண்டா?

முதலில் என்னுடையதைச் சொல்கிறேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை வந்த பிறகு, கிழமைக்கு ஓர் அறையாக ஏழு அறை உள்ள வட்டமான மாத்திரைப் பெட்டி வாங்கிக் கொடுத்தேன். அம்மா அதை அடுப்பு மேடையில் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பெயர்தான் அஞ்சறை, எங்கள் வீட்டு எவர்சில்வர் பெட்டியில் கிண்ணம் ஏழு. இங்கே ஏழு, அங்கே ஏழு. ஒரு நாள் காலையில் அது கண்ணில் பட்டதும் மனதை என்னவோ செய்தது. ஊருக்கே அள்ளிப் போட்டுச் சமைத்த கை, இப்போது தனக்கென்று எண்ணி எண்ணி எடுக்கிறது.

முதலில் எடுத்த படம் சரியாக வரவில்லை. மருந்துச் சீட்டு, மூக்குக் கண்ணாடி, பி.பி. பார்க்கும் கருவி என்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தேன். பார்த்தவர்கள் “யாருக்கு உடம்பு சரியில்லை?” என்றுதான் கேட்டார்கள்.

அப்புறம் புகைப்படக் கலைஞர் டினா மொடோட்டி 1927-இல் மெக்சிகோவில் எடுத்த ஒரு படத்தைத் திரும்பப் பார்த்தேன். மக்காச்சோளக் கதிர், அரிவாள், தோட்டா வார். அவ்வளவுதான். சோள மணிகளும் வரிசை, தோட்டாக்களும் வரிசை. கண் முதலில் அந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொள்கிறது. ஒன்று உயிர் வளர்ப்பது, இன்னொன்று உயிர் எடுப்பது என்பது பிறகுதான் உறைக்கிறது. நிலத்துக்காக உழவர்கள் துப்பாக்கி தூக்கிய நாட்டின் கதை அந்த மூன்று பொருளில் இருக்கிறது.

மற்றதையெல்லாம் எடுத்துவிட்டேன். இரண்டு பெட்டி, இரண்டும் திறந்தபடி, நடுவில் இரண்டு விரல் இடைவெளி. இடப்பக்கம் ஜன்னல் வெளிச்சம், வலப்பக்கம் அதைத் திருப்பிவிட ஒரு தெர்மாகோல் அட்டை. டிரைபாடில் கேமராவை நேர் மேலே நிறுத்தி, 50 எம்.எம். லென்ஸில் துளை அளவு எஃப்/8. மஞ்சள்தூள் கிண்ணத்துக்கு நேராக ஒரு மஞ்சள் மாத்திரை வருகிற மாதிரி பெட்டியைத் திருப்பினேன். அந்தத் திருப்பலில்தான் படம் வந்தது. அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, “சீரகம் தீரப்போகுதே” என்றார்.

பதில்:
அக்கா, படித்ததும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. எங்களுடையது நெசவுக் குடும்பம். தறியை விற்றுவிட்டு அப்பா பனியன் கம்பெனிக்குப் போனார். மிஞ்சிய ஒரு தறி நாடாவையும் (ஊடை நூலோடு தறியில் ஓடுமே, அந்தக் கட்டை) அவருடைய கம்பெனி அடையாள அட்டையையும் பலகையில் வைத்து எடுத்தேன். நாலைந்து தடவை எடுத்தும் இரண்டும் தனித்தனியாகவே கிடந்தன. நாடாவிலிருந்து நூலைக் கொஞ்சம் இழுத்து, அட்டையின் கழுத்துக் கயிறு வளைகிற அதே வளைவில் விட்டேன். அப்போதுதான் ஒன்றாகின. ஒரு சந்தேகம்: மாத்திரையை மஞ்சள் கிண்ணத்துக்குள்ளேயே போட்டுப் பார்த்தீர்களா? ஸ்பெயின் புகைப்படக்காரர் செமா மடோஸ் அப்படி இரண்டு பொருளை ஒரே பொருளாக்குவாரே.

பதில்:
போட்டுப் பார்த்தேன் தம்பி. படம் பளிச்சென்று இருந்தது. அம்மா அதில் இல்லை. உள்ளே போட்டதும் அது என் கற்பனை ஆகிவிடுகிறது. பக்கத்தில் இருக்கும்போது அம்மா வைத்தது அம்மா வைத்த இடத்திலேயே இருக்கிறது. உங்கள் நூல் வளைவை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அந்த நூல் என்ன நிறம்?